பாம்புக்கல் கிடந்த கரை

ஜூன் மாதத்தில் விட்பி ஊரின் துறைமுகச் சுவர் முனையில் நின்றால் சூரியன் கடலில் எழுந்து கடலிலேயே விழுவதைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் ஊர்தான். ஆனால் யார்க்‌ஷயரின் அந்தத் துண்டு வடக்குப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. பகல் நீண்டு இரவு சுருங்கிப்போகும் அந்தச் சில வாரங்களில் உதயமும் அஸ்தமனமும் ஒரே நீரில் நடக்கும். அந்த ஊரில் அம்மாவுக்கு முதலில் பிடித்துப்போன விஷயம் இதுதான். "கன்னியாகுமரியில காட்டினதை இங்கேயும் காட்டறார் பாரு" என்பாள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மறைகிற சூரியனுக்காகப் புடவைக்கு மேல் கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, என் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். பகல் முழுக்க வாசலைத் தாண்டாதவள் அதற்கு மட்டும் வெளியே வருவாள்.

1970களில் எங்கள் குடும்பம் அங்கே இருந்தது. அப்பா கும்பகோணத்திலிருந்து போன டாக்டர். அந்த நாளில் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளுக்கு நம் பக்கத்திலிருந்து நிறைய டாக்டர்கள் போனார்கள். பெரிய நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தவர்கள் சிலர். மற்றவர்கள் சுரங்க ஊர்களுக்கும் கடலோரச் சிற்றூர்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அப்பாவுக்கு வாய்த்தது விட்பி, 13,000 பேர் அளவில் வாழ்ந்த மீன்பிடி ஊர். லண்டனுக்குப் போயிருந்தால் என் பிள்ளைப் பருவம் இவ்வளவு நிறைந்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். ஒரு குழந்தையின் கால் நடந்து முடிக்கக்கூடிய ஊர் அது. அந்தச் சின்ன நடைக்குள் திமிங்கிலத்தின் தாடை எலும்பு இருந்தது, ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பழைய மடத்தின் இடம் இருந்தது, அதற்கும் முந்தி, பதினெட்டுக் கோடி வருஷத்துக் கல் கடற்கரையில் சும்மா கிடந்தது.

எஸ்க் என்ற ஆறு ஊரை இரண்டாகப் பிளந்து கடலில் சேரும். கிழக்கே பழைய ஊர்: சிவப்பு ஓட்டு வீடுகள், ஒருவர் போனால் எதிரே வருபவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். மேற்கே மேடு, விடுதிகள், பூங்கா. இரண்டையும் இணைப்பது 1908இல் கட்டிய இரும்புப் பாலம். படகு வந்தால் அது நடுவில் பிளந்து பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிற காலையில் பாலம் திரும்பிவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போகிற படகில் என்ன மீன் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்போம்.

வருஷத்தில் பாதி நாள் ஊர் கண்ணுக்குத் தெரியாது. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், திடீரென்று கடலிலிருந்து ஒரு ஈரப்புகை எழுந்து வந்து தெருவை விழுங்கிவிடும். அதை அங்கே 'ஃப்ரெட்' என்பார்கள். அது வந்ததும் தெற்கே குன்றின் மேல் இருந்த பனிச்சங்கு அலறத் தொடங்கும். பக்கத்துக் கிராமத்தின் பெயரால் அதற்கு 'ஹாஸ்கர் காளை' என்று பெயர். முதல் தடவை கேட்டபோது நிஜக் காளைதான் தொலைந்துபோய்க் கத்துகிறது என்று நினைத்து அழுதேனாம். பிறகு அந்தச் சத்தம் இல்லாத இரவில்தான் தூக்கம் வராமல் இருந்தது.

வாசனையைச் சொல்லாமல் விட முடியாது. மடத்துக்கு ஏறும் படிக்கட்டுக்குப் பக்கத்து ஹென்ரியட்டா தெருவில் 1872 முதல் ஃபார்ச்சூன் குடும்பத்தின் புகைக்கொட்டகை இருக்கிறது. ஹெர்ரிங் மீனைப் பிளந்து, உப்புநீரில் ஊறவைத்து, கூரைக்குக் கீழே வரிசையாகத் தொங்கவிட்டு, தரையில் மரத்தூளும் கட்டையும் எரித்துப் புகைபோடுவார்கள். உள்சுவர் முழுவதும் நூறு வருஷத்துக் கரி படிந்து தாரைப் போலப் பளபளக்கும். ஐயங்கார் வீட்டுப் பெண்ணான நான் அந்த மீனைச் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்தப் புகைநாற்றம் என் பள்ளிச் சட்டையில் ஏறி வீடு வரைக்கும் வரும். அம்மா முகம் சுளித்துக்கொண்டு சட்டையை வாளியில் போடுவாள். 1977இல், வட கடலில் ஹெர்ரிங் அற்றுப்போகிற நிலைக்கு வந்துவிட்டதென்று அதைப் பிடிக்கவே தடை போட்டார்கள். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். யார் படகை விற்கப்போகிறார்கள் என்பதுதான் அந்த வருஷம் தெருவில் பேச்சு.

கிழக்குக் குன்றின் மேல் மடம். அங்கே ஏற 199 படிகள். ஏறுகிற குழந்தைகள் எல்லாரும் எண்ணுவார்கள், எல்லாருக்கும் வேறு வேறு கணக்கு வரும். நடுநடுவே அகலமான மேடைகளும் பலகைகளும் உண்டு. உட்காருவதற்கென்று நினைத்திருந்தேன். மேலே மாதா கோவில் கல்லறைக்குச் சவப்பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்கத்தான் அவை என்று பள்ளித்தோழி ஒருத்தி சொன்ன நாளிலிருந்து அவற்றில் உட்கார்ந்ததில்லை. 1890இல் இந்த ஊருக்கு விடுமுறைக்கு வந்த பிராம் ஸ்டோக்கர், டிராகுலாவை இந்தக் கரையில்தான் இறங்க வைத்தார். இன்று அதற்காகவே கூட்டம் வருகிறது. எங்களுக்கு அந்தக் கதையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு ஹில்டா இருந்தாள்.

657இல் அந்தக் குன்றில் மடத்தைத் தொடங்கியவள் ஹில்டா. ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் சேர்ந்திருந்த மடம், அதற்குத் தலைவி ஒரு பெண். அரசர்களே வந்து அவளிடம் யோசனை கேட்டார்களாம். ஈஸ்டர் பண்டிகையை எந்த நாளில் கொண்டாடுவது என்று இங்கிலாந்தின் திருச்சபை சண்டைபோட்டுக்கொண்டிருந்த காலத்தில், 664இல், அதைத் தீர்க்கக் கூடிய சபை அவளுடைய மடத்தில்தான் கூடியது. மாட்டுக் கொட்டிலில் வேலை பார்த்த கேட்மன் என்பவன் ஒரு நாள் பாடத் தொடங்கியபோது, அவனை அழைத்து மடத்தில் சேர்த்துக்கொண்டவளும் அவள்தான். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவி அவன். எங்கள் டீச்சர் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் பாம்புக் கதைக்கு வருவார். மடம் கட்ட வந்த இடத்தில் பாம்பு மண்டிக் கிடந்ததாம். ஹில்டா வேண்டிக்கொண்டு விரட்ட, அவையெல்லாம் சுருண்டு கல்லாகிக் குன்றிலிருந்து விழுந்தனவாம். கரையில் கிடக்கும் சுருள் கற்கள் அவைதான். தலை மட்டும் இராது. பழைய காலத்துக் கல்தச்சர்கள் அதில் பாம்புத்தலை செதுக்கி வந்தவர்களிடம் விற்றிருக்கிறார்கள். ஊரின் சின்னத்திலேயே மூன்று பாம்புக்கல் உண்டு.

இந்தக் கதையைக் கேட்டபோது வகுப்பில் என் அளவுக்கு யாரும் திடுக்கிட்டிருக்க மாட்டார்கள். சுருள் பதிந்த கல் ஒன்று எங்கள் வீட்டிலும் இருந்தது.

அது அப்பாவின் சாளக்கிராமம். தாத்தா கொடுத்தனுப்பியது. கறுப்பாக, உருண்டையாக, பெரிய நெல்லிக்காய் அளவு. ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். அதன் வழியே பார்த்தால் உள்ளே சக்கரம் தெரியும் என்பார்கள். சாளக்கிராமம் இருக்கிற வீட்டில் பெருமாள் பட்டினி இருக்கக் கூடாது. அதனால் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் விடியற்காலையில் வெந்நீரில் குளித்து, ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தாலும் வேஷ்டியோடு உட்கார்ந்து, திருமஞ்சனம் செய்து, பாலும் திராட்சையும் கண்டருளப் பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார். துளசிதான் பெரிய கவலை. தொட்டியில் வைத்த செடி அக்டோபரைத் தாண்டாது. கும்பகோணத்திலிருந்து தாத்தா கடிதத்தோடு உலர்ந்த துளசி அனுப்புவார். உறையைப் பிரித்ததும் வீடு முழுக்க அந்த வாசனை ஒரு கணம் நிற்கும்.

அந்தக் கல்லை அம்மாவும் நானும் தொடக் கூடாது. ஏன் என்று நான் கேட்டேன். "அப்படித்தான்" என்றாள் அம்மா. சொல்லும்போது அவள் பார்வை அந்த வெள்ளிப் பெட்டியின் மேலேயே இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். மீன்பிடிக் குடும்பம், அவரும் கடலுக்குப் போனவர். கைமூட்டு வலிக்கு அப்பாவிடம் மாத்திரை கேட்டுப் பழக்கமானார். என்னை 'லாஸ்', அதாவது பெண்ணே, என்றுதான் கூப்பிடுவார். கடற்கரையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். நீர் வற்றுகிற நேரத்தை அட்டவணையில் பார்க்காமல் குன்றின் அடியில் நடக்காதே. குன்றைத் தட்டாதே, தலைமேல் விழும். தனியாகக் கிடக்கிற உருண்டைக் கல்லை மட்டும் எடு. இந்த மூன்றையும் நான் ஒப்பித்த பிறகுதான் சால்ட்விக் விரிகுடாவுக்கு அழைத்துப் போனார்.

அங்கே மணல் குறைவு, கரும்பலகையாகப் பாறை பரந்திருக்கும். நடுவில் சிதைந்த முதுகுபோல ஒரு முனை. முந்நூறு வருஷத்துக்கு முன்னாலிருந்தே அதை வெட்டிப் படிகாரம் எடுத்தார்களாம். பாறையை மாதக்கணக்கில் எரித்து, நீரில் ஊறவைத்து, கடற்பாசிச் சாம்பலும் மனித மூத்திரமும் சேர்த்துக் காய்ச்சினால் படிகாரம் உறையும். மூத்திரத்தை லண்டனிலிருந்தே பீப்பாயில் கப்பலேற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். பெரியவர் இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இராது. அவருக்கு அது உழைப்பின் கதை.

நீர் நன்றாக வற்றினால் அந்த முனைக்கு அப்பால் துருப்பிடித்த இரும்பு தலைகாட்டும். ரோஹில்லா கப்பலின் மிச்சம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி நம் நாட்டுப் பயணத்துக்காகக் கட்டிய கப்பல், ரோகில்கண்டின் மக்கள் பெயரை வைத்திருந்தார்கள். போர் வந்ததும் அதை ஆஸ்பத்திரிக் கப்பலாக்கினார்கள். 1914 அக்டோபர் 30ஆம் தேதி விடியுமுன், புயலில், 229 பேரோடு அந்தப் பாறையில் மோதியது. கரைக்கும் கப்பலுக்கும் சில நூறு கஜம்தான். மீட்புப் படகை ஆட்கள் கையாலேயே பாறைமேல் இழுத்துக் கொண்டுபோய் இறக்கி, இரண்டு தடவை போய் 35 பேரைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் தடவைக்குப் படகு தாங்கவில்லை. அதன்பின் இரண்டு நாள், கண்ணெதிரே, எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடைசி ஐம்பது பேரை டைன்மவுத்திலிருந்து வந்த மோட்டார் படகு காப்பாற்றியது. பெரியவர் அப்போது பத்து வயதுப் பையன், குன்றின் மேல் நின்று பார்த்தவர். "நனைந்த துணியைக் காயவைக்கிற மாதிரி அவர்கள் பாய்மரக் கயிற்றில் தொங்கினார்கள்" என்றார். அதிலிருந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 16ஆம் தேதி ஜெர்மன் போர்க்கப்பல்கள் வந்து ஊரைச் சுட்டன, மடத்தின் மேற்குச் சுவரிலும் குண்டு விழுந்தது. ஒரே பருவத்தில் அந்தப் பையன் இரண்டையும் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகும் அவர் கடலுக்குத்தான் போனார். வேறு என்ன செய்வது என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

அன்று சால்ட்விக்கில் ஓர் உருண்டைக் கல்லின் விளிம்பில் லேசான வரிகள் தெரிந்தன. பெரியவர் அதைப் பாறைமேல் நிறுத்தி, சுத்தியலை என் கையில் கொடுத்து, எங்கே தட்டுவது என்று விரலால் காட்டினார். மூன்றாம் தட்டில் கல் இரண்டாகத் திறந்தது. ஒரு பாதியில் சுருள், மறுபாதியில் அதன் அச்சு. அம்மா சுற்றுகிற கைமுறுக்கு, முறுக்கிய இழை வரிவரியாக ஒன்றைச் சுற்றி ஒன்று. அவ்வளவு ஒழுங்கு. உலகத்தில் என் கண்தான் அதை முதலில் பார்க்கிறது என்று பெரியவர் சொன்னார். கை நடுங்கியது. நான் அதைத் தொட்டேன். சுற்றுச்சுற்றாக விரலை ஓட்டி நடுப்புள்ளி வரைக்கும் போனேன். தொடாதே என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா வெகுநேரம் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பன்னட் பூங்காவில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். கீழ்ப்பாறைகளிலிருந்து எடுத்த கடல் பல்லிகள் சுவர் முழுக்க நீந்தியபடி உறைந்திருக்கும். டாக்டர் மெரிவெதரின் புயல்கணிக் கருவியின் நகலும் அங்கே உண்டு, அப்பாவுக்கு அதன்மேல் தனிப் பிரியம். அந்த ஊர் டாக்டர்தான் மெரிவெதர். பன்னிரண்டு கண்ணாடிப் புட்டியில் பன்னிரண்டு அட்டைகளை விட்டுவைத்தார். புயல் வருமுன் அட்டைகள் மேலே ஏறும், ஏறினால் மணி அடிக்கும். 1851 லண்டன் கண்காட்சியில் வைத்தார். நோயாளியின் உடம்பில் அட்டை விடுகிற மனிதர் அந்தப் பிராணியை இவ்வளவு கவனித்திருக்கிறாரே என்று அப்பா ஒவ்வொரு தடவையும் வியப்பார். அன்று மட்டும் அங்கே நிற்கவில்லை. நேரே பாம்புக்கல் பெட்டிக்குப் போய், அட்டையில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். அம்மோனைட். கணவாய் மீனின் பழைய உறவு. ஓட்டுக்குள் வாழ்ந்த பிராணி. அவற்றில் ஒரு வகைக்கு ஹில்டாவின் பெயரையே அறிவியலில் வைத்திருக்கிறார்கள்: ஹில்டோசெராஸ்.

ராத்திரி சாப்பாட்டின்போது அப்பா சொன்னார். "நம்ம பெருமாள் இருக்கற கல்லும் இதே ஜாதிப் பிராணியோட ஓடுதான். கண்டகி ஆத்துல உருண்டு வரது. இமயமலை எழும்பறதுக்கு முன்னாடி அங்கே கடல் இருந்தது." வஜ்ரகீடம் என்ற புழு கல்லைக் குடைந்து உள்ளே சக்கரம் செய்கிறது என்று தாத்தா சொல்லிக் கேட்டிருந்தேன். இரண்டில் எது சரி என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் அம்மா, "அதனால என்ன? தூணுக்குள்ள இருந்தவருக்கு ஓட்டுக்குள்ள இருக்கறது கஷ்டமா?" என்று ரசத்தை ஊற்றினாள். அப்பா தலையை ஆட்டினார். மறுநாள் காலை வழக்கம்போல வெந்நீர், வேஷ்டி, பால், திராட்சை. ஒரு நாளும் விடவில்லை.

நான் தாத்தாவுக்கு ஏரோகிராமில் எழுதினேன், கல்லின் படமும் போட்டு. பதில் வர வாரங்கள் ஆயின. குழந்தைக்கு அநேக ஆசீர்வாதம் என்று தொடங்கி ஒழுங்காகக் கேள்வி கேட்டிருந்தார். வதனம் எந்தப் பக்கம் இருக்கிறது? உள்ளே சக்கரம் எத்தனை? நிறம் கறுப்பா, சாம்பலா? தொட்டால் வழுவழுப்பாக இருக்கிறதா? கண்டகியில் பிறந்தால்தான் சாளக்கிராமம், இது அதுவாகாது. ஆனாலும் கால் படுகிற இடத்தில் வைக்காதே, உன் புத்தகத்தோடு வை. கண்டகிக் கரைத் தலத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார், உன் அப்பாவைச் சேவிக்கச் சொல்லிக் கேள் என்றும் எழுதியிருந்தார். ஆழ்வார் அங்கே நடந்து போனாரோ, மனசாலே போனாரோ என்று நானும் அப்பாவும் வெகுநேரம் பேசினோம்.

அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டியது அம்மாதான். படித்து முடித்ததும் என் கல்லை வாங்கினாள். அதுவரை அவள் கேட்டதில்லை. உள்ளங்கையில் வைத்து, வெளிச்சுற்றிலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து வெளியே, விரலை எத்தனையோ தடவை ஓட்டினாள். "எவ்வளவு கனம்" என்றாள். அதன்பின் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கல் நான் வைத்த இடத்தில் இராது. சமையலறை ஜன்னலில் இருக்கும்.

பெரியவருக்கு எங்கள் கல்லைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு காலை, பூஜை முடிகிற நேரத்தில் அப்பா அவரை வரச்சொன்னார். செருப்பைக் கழற்றும் வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் வாசலில் இருந்ததைப் பார்த்துத் தானே பூட்ஸைக் கழற்றினார், தொப்பியையும் எடுத்துவிட்டார். அப்பா வெள்ளிப் பெட்டியைத் திறந்து காட்டினார். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தலை செதுக்கவில்லையா?"

இல்லை, கிடைத்தபடியே வைப்போம் என்றார் அப்பா. அதுதான் சரி என்றார் பெரியவர். எங்கே கிடைத்தது என்று கேட்டார். நேபாளத்தில், மலைமேல், கடலிலிருந்து வெகு தூரத்தில் ஓடுகிற ஆற்றில் என்று அப்பா சொன்னபோது அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை.

"அப்படியானால் அங்கேயும் கடல் இருந்துவிட்டுப் போயிருக்கிறது."

காபி குடிக்கும்போது அம்மாவைப் பார்த்து, நீங்கள் இதைக் கையில் எடுத்துப் பார்த்ததுண்டா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அம்மா பதில் சொல்லச் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் வழக்கத்தில் பெண்கள் தொடுவதில்லை. பெரியவர் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டவணையை எடுத்து, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு நீர் வற்றும் என்று பார்த்தார். சாண்ட்ஸெண்டில் நல்ல கல் கிடைக்கும், நடக்கவும் சுலபம் என்று என்னிடம் சொன்னார். "உன் அம்மாவுக்குப் பூட்ஸ் இருக்கிறதா?"

இருக்கவில்லை. அவருடைய மனைவி போட்டுக்கொண்டிருந்த பழைய ஜோடியைக் கொண்டுவந்து கொடுத்தார். சாண்ட்ஸெண்டில் காற்று அம்மாவின் கோட்டையும் புடவையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தது. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரப்பாறையில் முதலில் பயந்து பயந்தும், பிறகு எங்களுக்கு முன்னாலும் நடந்தாள். குனிந்து கல்லைப் பொறுக்கி, விளிம்பைத் தடவிப் பார்த்து, ஒன்றைப் போட்டு ஒன்றை எடுத்தாள். முதல் கல்லை நான் உடைத்தேன், உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டாவதை உடைத்தேன், பாதிச் சுருள். அம்மா தான் பொறுக்கியதை, எல்லாவற்றிலும் பெரியதை, பாறைமேல் நிறுத்தினாள். சுத்தியலை வைத்திருந்த என்னைப் பார்க்காமல், பெரியவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எங்கே தட்ட வேண்டும் என்று கேட்டாள். அவர் விரலால் காட்டினார்.

"கொடுடீ, இதை நான் உடைக்கறேன்."